சாலை நம்முடையது, சுங்கம் அவர்களுக்கா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களும், பிள்ளைக்கு வாங்கித் தரப்போகும் பெற்றோரும் கடைசி வரை படியுங்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து செங்கல்பட்டு போகும் எல்லோருக்கும் பரனூர் சுங்கச்சாவடி தெரியும். திட்டிக்கொண்டேதான் பணம் கட்டுகிறோம். ஆனாலும் சாலை போட்டோம், பராமரிக்கிறோம் என்று அவர்கள் ஒரு காரணமாவது சொல்வார்கள். சாலையே போடாதவன் சாவடி மட்டும் கட்டினால் அதற்கு என்ன பெயர்? கன்சோல் கம்பெனிகள் வாங்கும் ஆன்லைன் சந்தா அப்படிப்பட்டதுதான்.

கணக்குப் போடுவோம். கன்சோலுக்குக் காசு கொடுத்தாயிற்று. புதிய விளையாட்டு டிஸ்க்குக்கு நாலாயிரம், ஐந்தாயிரம். இணையத்துக்கு மாதாமாதம் பில். இந்த மூன்றையும் கட்டிய பிறகு, ஊரில் இருக்கும் நண்பனோடு ஒரு கால்பந்து ஆட்டம் ஆட வேண்டுமென்றால் நான்காவதாக ஒரு கட்டணம். கட்டாவிட்டால் தனியாக ஆடு என்கிறார்கள்.

"சர்வர் செலவை யார் தருவது சார்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பதில் இவர்களுடைய வரலாற்றிலேயே இருக்கிறது.

2002-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்று சந்தாவை ஆரம்பித்தது. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இல் சோனி இதே வசதியை இலவசமாகவே கொடுத்தது. 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்ததும் அதுவும் வாசலைப் பூட்டியது. 2018 செப்டம்பரில் நின்டெண்டோவும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2007-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் சில ஆன்லைன் வசதிகளுக்குச் சந்தா கேட்டுப் பார்த்தது. 2008 ஜூலையிலேயே அதைக் கைவிட்டது. கம்ப்யூட்டரில் சர்வர் செலவு இல்லையா? இருக்கிறது. ஆனால் அங்கே ஆட்டக்காரனுக்குப் பத்து வழி உண்டு. கன்சோலில் ஒரே வாசல். ஆகவே இது செலவுக்கு வாங்கும் பணம் அல்ல, வேறு வழி இல்லாதவனிடம் வாங்கும் பணம்.

"காசு கட்டினால் தரம் இருக்கும்" என்பது அடுத்த வாதம். 2011-இல் சோனியின் இலவச நெட்வொர்க் தாக்கப்பட்டு, மூன்று வாரத்துக்கு மேல் முடங்கியதைக் காட்டுவார்கள். சரி, 2014 கிறிஸ்துமஸில் என்ன நடந்தது? அப்போது இரண்டுமே கட்டணச் சேவை. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. 2025 பிப்ரவரியில் சோனியின் நெட்வொர்க் மறுபடி ஏறக்குறைய ஒரு நாள் முடங்கியது. ஆனால் விலை மட்டும் என்றைக்கும் விழுவதில்லை. அமெரிக்காவில் 50 டாலராக இருந்த சோனியின் வருடச் சந்தா 2016-இல் 60 ஆனது, 2023-இல் 80 ஆனது.

எனக்குக் கோபம் வருவது இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயத்தில். ஃபோர்ட்நைட் போன்ற "இலவச" விளையாட்டுகளுக்கு இந்தச் சந்தா தேவையில்லை. ஏன்? அங்கே பிள்ளைகள் உடை, ஆயுத அலங்காரம் என்று வாங்கிக்கொண்டே இருப்பார்கள், அதில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. ஒரு தடவை முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கு வாசலில் தடை. தினமும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கும் கடைக்கு வாசல் திறப்பு. பாடப்புத்தகத்தோடு வரும் மாணவனை கேட்டில் நிறுத்திவிட்டு, மிட்டாய்க்காரனை வகுப்புக்குள் விடும் பள்ளிக்கூடம் உண்டா?

"பணக்கார வீட்டுப் பிரச்சனை" என்று தள்ளிவிடாதீர்கள். ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலை பார்த்து, நாலு பேர் சேர்ந்து ஒரு அறையில் தங்கி, பழைய கன்சோலை மாதத் தவணையில் வாங்கும் பையன்களும் இருக்கிறார்கள். ஊரில் விட்டுவந்த நண்பர்களோடு சேர்ந்து சிரிக்க அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். 2025-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத்தான் தடுக்கிறது. பந்தயம் இல்லாத விளையாட்டுக்குச் சந்தா வாங்குவதை அது அனுமதிக்கிறது.

ஆனால் கேட்டால் நடக்கும். 2021 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸ் சந்தாவை ஏற்றப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆட்டக்காரர்கள் போட்ட சத்தத்தில் ஒரே நாளில் பின்வாங்கியது. இலவச விளையாட்டுகளுக்கு அங்கே சந்தா நீங்கியதும் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான். முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் அதே நியாயத்தைக் கேட்போம்.

அதுவரை மூன்று காரியம் செய்யுங்கள். வாங்கும் முன் "ஆன்லைனில் ஆட சந்தா வேண்டுமா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்து வையுங்கள். ஒரே அறையில் உட்கார்ந்து இரண்டு பேர் ஆடும் விளையாட்டுகளைத் தேடி வாங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனுக்கு இன்னும் யாரும் சுங்கம் போடவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். சரி என்று பட்டால் பகிருங்கள்.