லென்ஸைத் தூக்கி எறியுமுன்

மும்பையில் மழை கொட்டும் ஆடி மாதத்தில் தமிழர் வீடுகளில் முகூர்த்தம் கிடையாது. செம்பூர், கோவண்டி, தேவ்நார் வட்டாரத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவரின் கேமரா அந்த மாதம் முழுவதும் தோல் உறைக்குள் தூங்குகிறது. இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஆவணி முகூர்த்தத்துக்கு எடுத்துப் பார்க்கும்போது லென்ஸுக்குள் சிலந்திவலை போல் படர்ந்திருக்கிறது. உடனே எழும் கேள்வி: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

புதிது வாங்குவதே புத்திசாலித்தனம் என்ற எண்ணம் இப்போது பரவி வருகிறது. கடன் வாங்கியாவது வாங்கிவிடுகிறார்கள். இது அவசர புத்தி. லென்ஸின் தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யக் கூடாது. அது எடுக்கும் படத்தைக் கண்டே முடிவு செய்ய வேண்டும்.

முன்கண்ணாடியில் விழுந்த சிறு கீறல் பெரும்பாலும் படத்தில் தெரிவதே இல்லை. விளக்கு எதிரே இருந்தால் சற்று மங்கும், அவ்வளவுதான். பின்கண்ணாடியில் விழுந்த கீறல்தான் படத்தைக் கெடுக்கும். பூசணத்தை ஆரம்பத்திலேயே கண்டால் துடைத்துவிடலாம். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் அந்தத் தழும்பு போகாது. கீழே விழுந்த லென்ஸானால், சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, துவாரத்தை முழுவதும் திறந்து நேராகப் படமெடுத்துப் பார்க்கலாம். ஒரு பக்க எழுத்து மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நிலை பிசகியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யத் தேர்ந்த கை வேண்டும்.

கேமராவுடன் சேர்ந்து வரும் மலிவான லென்ஸுக்குப் பழுதுக்கூலி அதன் விலையை நெருங்கினால், மாற்றுவதே நியாயம். விலையுயர்ந்த லென்ஸுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. எதுவானாலும், பிரிப்பதற்கு முன்பே செலவை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

விண்வெளியில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடி தவறாகத் தீட்டப்பட்டிருந்தது 1990-ல் தெரிய வந்தது. அதை யாரும் கைவிடவில்லை. 1993-ல் வீரர்கள் மேலே சென்று, அந்தப் பிழையை ஈடுசெய்யும் கருவிகளைப் பொருத்தினார்கள். பார்வை தெளிந்தது.

பழுது பார்க்க ஆள் இருந்தும் பாகம் கிடைக்காததே இன்று பெரிய குறை. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தது. அந்த உரிமை லென்ஸுக்கும் வர வேண்டும். பாகங்களை விற்க மறுக்கும் கம்பெனி, வாடிக்கையாளரைப் புதிது வாங்கும்படி நெருக்குகிறது என்றே கொள்ள வேண்டும்.

தூக்கி எறிந்தவை எங்கே போகும் என்பதைத் தேவ்நார்வாசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1927 முதல் நகரத்தின் குப்பை வந்து சேர்ந்த இடம் அது. 2016 ஜனவரியில் அந்த மேடு பற்றி எரிந்தபோது புகையில் மூச்சுத் திணறியவர்கள் அவர்கள்.

ஆடிக்கு முன்பே லென்ஸைத் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் இந்தக் கேள்வி எழாமலே போகலாம். எழுந்தாலும், கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிப் பார்க்கட்டும்.