சிறையும் தீர்வல்ல, மறைப்பதும் தீர்வல்ல: போதையில் விழுந்த நம் பிள்ளைகளை என்ன செய்யப்போகிறோம்?



போதைப்பொருளோடு ஒரு வாலிபன் பிடிபட்டான் என்ற செய்தி மஹல்லாவுக்குள் வந்தவுடன் இரண்டு குரல்கள் எழுகின்றன. "உள்ளே போட்டால்தான் இவனுக்கெல்லாம் புத்தி வரும்" என்பது ஒன்று. "எப்படியாவது வெளியே எடுத்து, யாருக்கும் தெரியாமல் ஏதாவதொரு மையத்தில் சேர்த்துவிடுங்கள், மூன்று மாதத்தில் சரியாகிவிடும்" என்பது மற்றொன்று. முதற்குரல் மார்க்கப் பற்றின் பெயரால் பேசுகிறது. இரண்டாவது, குடும்ப மானத்தின் பெயரால் பேசுகிறது. உண்மையில் இரண்டுமே அந்தப் பிள்ளையைக் கைகழுவும் குரல்கள்தாம்.

போதை தரும் அனைத்தும் ஹராம் என்பதில் நமக்குள் இரு கருத்தில்லை. மதுவுக்கு ஒரு சட்டம், கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் வேறு சட்டம் என்று மார்க்கம் பிரிக்கவில்லை. விழக்கூடாது என்பதை ஒவ்வொரு ஜும்ஆவிலும் சொல்கிறோம். விழுந்துவிட்டவனை எப்படி எழுப்புவது என்பதைத்தான் நாம் பேசுவதே இல்லை.

சட்டம் திறந்து வைத்துள்ள வாசல்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை வெறும் தண்டனைச் சட்டம் என்றே பலரும் நினைக்கின்றனர். அதில் இரண்டு பிரிவுகளை ஒவ்வொரு ஜமாஅத் நிர்வாகியும் அறிந்திருக்க வேண்டும்.

64ஏ பிரிவின்படி, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட போதை அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், அவ்வழக்கிலிருந்து விலக்குப் பெற வழியுண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். 39-ஆம் பிரிவின்படி, இத்தகைய குற்றத்தில் தண்டனைக்குரியவராகக் காணப்பட்ட அடிமையைக்கூட, அவருடைய சம்மதத்தோடு, சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 18 வயது நிறையாதவனாயின் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பொருந்தும். போதை மீட்புத் திட்டத்தில் சேருமாறு சிறார் நீதிக் குழுமம் உத்தரவிட முடியும்.

இவ்வளவு இருந்தும், வழக்கறிஞரிடம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஜாமீன் எப்போது கிடைக்கும்?" சிகிச்சையைக் கோரி மனுச் செய்யலாமா என்று கேட்போர் எத்தனை பேர்?

சிகிச்சையை எதைக் கொண்டு அளப்பது?

"சிகிச்சை" என்ற பெயர்ப் பலகையைக் கண்டதும் நிம்மதியடைந்து விடவும் கூடாது. இதில் அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடமாகும். 1989-இல் மயாமி நகரில் முதல் போதை நீதிமன்றம் தொடங்கப்பட்டது. அங்கே குற்றவாளி சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறான். நீதிபதி அவனைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை நேரில் அழைத்து விசாரிக்கிறார். சிறுநீர்ப் பரிசோதனை தொடர்ந்து நடக்கிறது. முன்னேறினால் பாராட்டு, தவறினால் தண்டனை. பின்னர் இதே முறை சிறுவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இத்தகைய நீதிமன்றங்களைப் பற்றிய 154 மதிப்பீடுகளை ஆய்வாளர்கள் ஒன்றுதிரட்டி 2012-இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 50 பேர் மீண்டும் குற்றம் செய்வர் என்று கொண்டால், போதை நீதிமன்றத்தின் வழி வந்த பெரியவர்களில் அது 38 ஆகக் குறைந்தது. சிறுவர்களிலோ ஏறத்தாழ 44 வரைதான் குறைந்தது. சிறுவர்கள் பற்றிய ஆய்வுகளின் தரமும் பொதுவாகக் குறைவாகவே இருந்தது.

நல்ல நோக்கம் மட்டும் நல்ல விளைவைத் தந்துவிடாது என்பதே இதன் பொருள். பெரியவன் ஓரளவு தன் வாழ்வைத் தானே நடத்துகிறான். பதினாறு வயதுப் பிள்ளையின் வாழ்வை அவனுடைய வீடு, பள்ளி, தெரு, கூட்டாளிகள் ஆகியவை நடத்துகின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு அவனை மட்டும் திருத்த முனைவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும்.

தென் கரோலினா மாநிலத்தில் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வும் இதற்குச் சான்று. சிறுவர் போதை நீதிமன்றத்தோடு குடும்பத்தையும் சூழலையும் சேர்த்து நடத்தும் சிகிச்சை முறை இணைக்கப்பட்டபோது, போதைப் பயன்பாடு மேலும் குறைந்தது. ஆனால் மறுபடி கைதாவது அதற்கேற்பக் குறைந்துவிடவில்லை. குடும்பம் சேர்ந்தால் பலன் கூடுகிறது. அப்போதும் பாதை நெடியது.

நம் நாட்டில் உள்ள போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றங்கள் வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவை. பிள்ளையை மாதந்தோறும் அழைத்து "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பது அவற்றின் பணியன்று. அப்படியானால் கேட்பது யார்? அந்த இடத்தில்தான் ஜமாஅத் நிற்க வேண்டும்.

ஒதுக்கி வைப்பது சுன்னத்தா?

"இரக்கம் காட்டினால் மற்றவர்களுக்கும் துணிவு வந்துவிடும், குடும்பத்தோடு ஒதுக்கி வைப்பதே படிப்பினை" என்று சிலர் வாதிடுகின்றனர். அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் சபையை நினைவூட்டுகிறேன். மது அருந்திய குற்றத்துக்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஒரு மனிதரை அங்கிருந்த ஒருவர் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். புகாரியில் இச்செய்தி பதிவாகியுள்ளது. தண்டனை அவருக்கு உண்டு. சமூகத்தின் வாசல் மூடப்படவில்லை. ஒருமுறை அல்ல, பலமுறை தவறியவர் விஷயத்தில் நடந்தது இது. அப்படியிருக்க, முதன்முறை பிடிபட்ட பிள்ளையின் புகைப்படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புகிறோமே, இது எந்தச் சுன்னத்? சிறாரின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

கண்டிப்பைக் காட்ட வேண்டிய இடம் வேறு. சிறுவனுக்குப் போதைப்பொருள் கொடுப்பவனுக்கும், அதை விற்கவோ கடத்தவோ சிறுவனைப் பயன்படுத்துபவனுக்கும் அதே சட்டத்தின் 77, 78 பிரிவுகள் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. விற்பவனிடம் பள்ளிவாசல் நிதிக்கு நன்கொடை வாங்கிக்கொண்டு, உட்கொண்ட ஏழைப் பிள்ளையை ஒதுக்கி வைப்பது நீதியன்று.

மறைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான்" என்று உண்மையை மறைத்து நிக்காஹ் செய்து வைக்கிறீர்களே, மணமகள் யாருடைய மகள்? அவள் மருந்தல்ல. ஒரு வீட்டின் நோயை இன்னொரு வீட்டின் மீது இறக்கி வைப்பது மோசடி. அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியவை

மையத்தில் சேர்க்கும் முன் பெற்றோர் கேளுங்கள்: அரசின் அனுமதி உண்டா? மனநல மருத்துவர் பார்க்கிறாரா? அடிப்பது, கட்டிப்போடுவது உண்டா? சிறுவர்களைப் பெரியவர்களோடு அடைக்கிறார்களா? குடும்பத்துக்கு ஆலோசனை தருகிறார்களா? வீடு திரும்பி ஆறு மாதம், ஓராண்டு கழிந்த பின்னும் தொடர்ந்து பார்க்கிறார்களா? "நூற்றுக்கு நூறு குணம்" என்று விளம்பரம் செய்யும் மையத்தை நம்பாதீர்கள். மீண்டும் ஒருமுறை வழுக்கி விழுவது இந்நோயில் நேரக்கூடியதே. அன்றே சிகிச்சையைத் தொடர வேண்டும்.

ஜமாஅத்துகள் இச்சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரை அடையாளம் கண்டு வைக்கட்டும். வசதியற்ற குடும்பங்களின் சிகிச்சைச் செலவைப் பைத்துல்மால் ஏற்கட்டும். திரும்பி வரும் பிள்ளைக்கு ஒரு வேலையும், அவனோடு நாள்தோறும் பேச ஒரு நம்பகமான பெரியவரும் அமையட்டும். இரகசியமாக ஆலோசனை பெற விரும்புவோருக்கு 14446 என்ற கட்டணமில்லா அரசு உதவி எண் இருக்கிறது. அதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.

தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்தே வைத்திருக்கிறான். அதைச் சாத்துவதற்கு நமக்கு யார் அதிகாரம் தந்தது? விழுந்தவர்களை எழுப்பும் கரங்களாக நம்மை அவன் ஆக்கி வைப்பானாக! நம் சந்ததிகளைப் போதையின் தீங்கிலிருந்து காப்பானாக! ஆமீன்.