அரிவாள்மணையை ஒளித்து வைத்த நாட்கள்



போன இதழில் குழந்தைகளின் சளிக்குக் கைவைத்தியம் எழுதியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கனமான சங்கதி. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பிள்ளை பெற்ற வீடுகளில் இது வந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

2006-ல் எனக்கு மூத்தவள் பிறந்தாள். தாய் வீட்டிலிருந்து நெடுங்காட்டுக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். தூளியில் குழந்தை தூங்க, நான் வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு நினைப்பு: 'இதால் குழந்தையை நான் ஏதாவது செய்துவிட்டால்?' உடம்பே வெலவெலத்துப் போயிற்று. சீ, என்ன நினைப்பு இது என்று உதறினேன். உதற உதற அதுவே வந்தது.

அரிவாள்மணையைப் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கையைக் கழுவினால் நினைப்பு போகும் என்று தோன்றும், கழுவுவேன். ஐந்து நிமிஷம் நிம்மதி, மறுபடியும் கழுவல். எண்ணிப் பதினாறு தடவை. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து எரிந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுவதை அத்தையிடமே விட்டுவிட்டேன். "பெத்தவ புள்ளையத் தொட மாட்டேங்கிறாளே" என்று தெருவில் பேச்சு.

ஒரு ராத்திரி அழுதுகொண்டே கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்த வாரமே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு லேடி டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "இந்த நினைப்பு உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்றார். "ஐயோ, செத்துடலாம் போல இருக்கு டாக்டர்" என்றேன். "அதுதான் விஷயம். பயந்து நடுங்கறவ குழந்தையை ஒண்ணும் செய்ய மாட்டா. இது ஓ.சி.டி.ங்கிற நோய்" என்றார். வேண்டாத எண்ணம் விடாமல் வருவதும், அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதும்தான் இந்த நோய். பிரசவத்துக்குப் பிறகு இது புதிதாகத் தலைகாட்டுவது உண்டாம். மனச்சோர்வு மருந்தான செர்ட்ரலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். உறவுக்காரப் பையன் ஒருவன் சீட்டைப் பார்த்து, "சித்தி, இது மனச்சோர்வு மாத்திரையாச்சே!" என்றான். எனக்குச் சோர்வு இல்லையே, வேறு யாருக்கோ எழுதியதைக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. மூன்று வாரம் சாப்பிட்டும் குமட்டல்தான் மிச்சம். யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். தலைசுற்றலும் எரிச்சலுமாகப் படுத்துவிட்டேன். பழைய நினைப்பும் முன்னைவிட வேகமாக வந்தது.

மறுபடியும் போனபோது டாக்டர் விளக்கினார். 1960-களில் குளோமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தபோது, இந்த நோயும் தணிவதை டாக்டர்கள் கவனித்தார்கள். 1989-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே அதற்கு அனுமதி கிடைத்தது. மூளையில் செரடோனின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதன் மேல் வேலை செய்கிற மாத்திரைகள்தான் இதற்குக் கேட்கும். எல்லா மனச்சோர்வு மருந்தும் கேட்காது. சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். பலன் தெரியவும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். மூன்று வாரத்தில் கைவிட்டது, உலை கொதிக்குமுன் அடுப்பை அணைத்த கதைதான்!

மாத்திரையோடு ஒரு பயிற்சியும் உண்டு. பயப்படுகிற காரியத்தைச் செய்ய வேண்டும். ஆனால் கை கழுவக் கூடாது. முதல் நாள் அத்தைதான் பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து அரிவாள்மணையை எடுத்து வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "அரிம்மா, நான் இருக்கேன்" என்றார். கை நடுங்க நடுங்கக் கத்தரிக்காய் அரிந்தேன். நெஞ்சு படபடத்தது, கழுவாமலே மெல்ல அடங்கியது. மூன்றாம் மாதம், தூளிக்குப் பக்கத்தில் நான் தனியாகவே உட்கார்ந்து அரிந்தேன்.

நான் கற்றுக்கொண்டவை:

1. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தைத் தருவார்.

2. ஆரம்பத்தில் குமட்டல், தூக்கக் குறைவு வரலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். சாகலாம் என்ற எண்ணமோ, அடங்காத பரபரப்போ வந்தால் உடனே தெரிவியுங்கள். சின்ன வயசுக்காரர்களை வீட்டார் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. குணமான பிறகும் ஒரு வருஷமாவது, சிலருக்கு அதற்கு மேலும், மருந்து தொடரும். நிறுத்துவதானால் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான். இது போதைப் பழக்கம் ஆகாது.

4. காதில் குரல் கேட்டுக் கட்டளையிடுவது போலிருந்தாலோ, குழந்தை மேல் விபரீத சந்தேகம் வந்தாலோ அது வேறு நோய். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாயையும் சேயையும் தனியே விடக் கூடாது.

2022 முதல் அரசின் டெலி மானஸ் என்ற உதவி இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் ஓயாமல் கை கழுவினால் "சுத்தப் பைத்தியம்" என்று சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா பயம்?" என்று கேளுங்கள். என் அத்தை இன்று இல்லை. அந்த அரிவாள்மணை இருக்கிறது. விடுமுறைக்கு வரும் மூத்தவள் அதில்தான் எனக்குக் காய் அரிந்து தருகிறாள்.