ஆர்வலரும் வெட்டுப்புள்ளியும்

'அமெச்சூர்' என்றொரு சொல் விளையாட்டுத் துறையில் வழங்குகின்றது. அதனைத் தமிழாக்குவோர் 'தொழின்முறையல்லாதார்' என்பர். 'பொழுதுபோக்காக விளையாடுவோர்' என்பர். சிலர் 'கற்றுக்குட்டி' என்றே எழுதிவிடுவர். மூன்றும் குறைப்பெயர்கள்; ஒருவரிடத்தில் இல்லாததைக் கொண்டு அவருக்குப் பெயரிடுவன. அச்சொல்லின் பிறப்போ வேறு. அன்பு செய்தல் என்னும் பொருள் தரும் இலத்தீன் வினையடியிற் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது அது. ஒன்றனை அதன்மேல் வைத்த அன்பினாலேயே செய்பவர் எவரோ அவரே அமெச்சூர். இப்பொருளை அப்படியே தாங்கும் பழஞ்சொல் ஒன்று நம்மிடம் உண்டு. அது 'ஆர்வலர்' என்பது. பண்டைநூல் வழக்கில் ஆர்வலராவார் அன்புடையார். இக்காலத்திற் 'சமூக ஆர்வலர்' என்றும் 'சூழல் ஆர்வலர்' என்றும் அது பெருவழக்காய் இருக்கின்றது. விளையாட்டில் ஈடுபடும் அமெச்சூருக்கும் அதனையே உரிமையாக்கலாம் என்பது என் கருத்து.

இலக்கணம் கூறினால் இலக்கியமும் காட்டல் வேண்டும். விளையாட்டில் ஆர்வலர்க்கு இலக்கியம் யாது? உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் தொழின்முறையாளர் கைப்பட்ட இந்நாளில், ட்ரையத்லன் எனப்படும் போட்டியிலே அதனைத் தெளிவாகக் காணலாம். நீந்தி, சைக்கிளோட்டி, பின் காலால் ஓடி, மூன்றனையும் இடையறாது ஒரே நாளில் முடிப்பது அது. மூன்று, போட்டி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆயது அப்பெயர். முப்போட்டி என்று நாம் சொல்லலாம். முத்தமிழ் பயின்ற நமக்கு மூன்று சேர்ந்து ஒன்றாதல் புதிதன்று.

இப்போட்டியின் வரலாறு மிகப் பழையதன்று. 1974ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி மாலை, கலிபோர்ணியாவிலே சன் டியாகோ நகரத்து மிஷன் குடாவில் 46 பேர் கூடி ஓடினர், சைக்கிள் மிதித்தனர், நீந்தினர். அவர்களுள் அமெரிக்கக் கடற்படை அலுவலர் ஜோன் கொலின்சும் அவர் மனைவியார் ஜூடியும் இருந்தனர். பின்னர் ஹவாய் தீவுக்கூட்டத்து ஒவாகு தீவுக்குச் சென்ற அவ்விருவரும், நீந்துவோர் வலியரா ஓடுவோர் வலியரா என்று எழுந்த வாதமொன்றைத் தீர்க்க வழி கண்டனர். அத்தீவில் முன்னரே தனித்தனியாக நடந்துவந்த மூன்று போட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தனர். 3.8 கிலோமீற்றர் கடல் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், 42.2 கிலோமீற்றர் மரதன் ஓட்டம் என்று அளவு வகுத்தனர். அயன்மான், அஃதாவது இரும்பு மனிதன், என்னும் பெயரும் அங்கேதான் பிறந்தது. 1978 பெப்ரவரி 18ஆந் திகதி 15 பேர் தொடங்கினர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கோர்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 செக்கன் எடுத்தார். கடைசியில் வந்தவர் 21 மணிநேரம் எடுத்தார். அவரும் முடித்தவரே. பன்னிருவர் என்னும் எண்ணிக்கையுள் அவரும் ஒருவர்.

2000ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக் விளையாட்டுகளுள் ஒன்றாயிற்று. எனினும் இன்றும் இப்போட்டிகளை நிரப்புவோர் பெரும்பாலும் ஆர்வலரே. ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர், ஓய்வுபெற்றோர் என வாழ்க்கையின் பல படியிலுள்ளாரும் ஒரே தொடக்கக் கோட்டில் நிற்பர். குளிர்நாடுகளில் ஏரியும் கடலும் நீந்தத்தக்க வெம்மை பெறுவது கோடையிலே. ஆதலின் அங்கே இது பெரிதும் கோடைகாலப் போட்டி. கோடையில் ஒருநாள் ஓடுதற்கு மாரி முழுவதும் பழகல் வேண்டும். வேலைக்குப் போகுமுன் விடியற்காலையிலும், வேலை முடிந்து வந்த இரவிலும் ஆர்வலர் பழகுவர். பரிசுப் பணம் இல்லை. சம்பள உயர்வு இல்லை. நுழைவுக் கட்டணமோ அவர் கையிலிருந்தே போகும்.

போட்டி நாளிற் படும் பாடு தனிக்கதை. திறந்த நீரிலே பலர் நெருங்கி நீந்தும்பொழுது பிறர் கையும் காலும் முகத்திற் படும். நீச்சற் குளத்திலுள்ளதுபோல அடியிலே கோடு இல்லை. தலையைத் தூக்கி மிதவைக் குறியைப் பார்த்துப் பார்த்தே வழியறிதல் வேண்டும். நீர் குளிர்ந்திருப்பின் இறப்பர் அங்கி அணியலாம். விதித்த அளவுக்கு மேல் வெம்மையாயின் அதற்கு அனுமதியில்லை. கரையேறி உடைமாற்றும் நேரமும் கணக்கிற் சேரும். சைக்கிளை விட்டிறங்கி ஓடத் தொடங்கும்பொழுது, கால்கள் தம்முடையனவாகவே தோன்றா. அதற்குள் உச்சிவெயில் வந்துவிடும். வியர்வையோடு நீரும் போகும், உப்பும் போகும். நீர் குறைந்தால் மயக்கம். அஞ்சி மிகக் குடித்தாற் குருதியில் உப்பின் செறிவு குறைந்து உயிருக்கே ஆபத்து. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அங்கே பழமொழி அன்று, மருத்துவ விதி.

விதிகளுள் ஒன்று தனித்துச் சொல்லத்தக்கது. முன்னே செல்லும் சைக்கிளை ஒட்டி அதன் பின்னாற் சென்றால் எதிர்க்காற்று உறைக்காது. உழைப்பு மிக மிச்சமாகும். ஒலிம்பிக் போட்டியாளர் அங்ஙனம் செல்லலாம். ஆர்வலர் ஓடும் போட்டிகள் பெரும்பாலானவற்றில் அது குற்றம்; தண்டனை உண்டு. பிறர் முதுகின்பின் ஒதுங்காது, தமக்குரிய காற்றைத் தாமே எதிர்கொள்ளல் வேண்டும். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர் எவருக்கும் இவ்விதியின் அருமை விளங்கும்.

இனி, 1982 பெப்ரவரியில் ஹவாயில் நடந்த போட்டியைப் பார்ப்போம். ஜூலி மொஸ் என்பார் 23 வயதுக் கல்லூரி மாணவி. உடற்றொழிற்பாடு பற்றிய தமது ஆய்வுக்கட்டுரையின் பொருட்டு அப்போட்டியில் இறங்கியவர். பெண்களுள் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், எல்லைக்கோட்டை அண்மித்தபொழுது கால் தளர்ந்து விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று முதலிடம் பெற்றார். ஜூலி தவழ்ந்து சென்று கோட்டைக் கடந்தார். இருவருக்குமிடையே 29 செக்கன். இக்காட்சியை அமெரிக்கத் தொலைக்காட்சி ஒளிபரப்பிற்று. அதனைக் கண்டு பலர் இப்போட்டியின்பால் ஈர்க்கப்பட்டனர். வென்றவரினும் தவழ்ந்தவரே உலகத்தின் நினைவில் நின்றார். முதலிடம் கைவிட்டுப் போனபின்னரும் அவர் தவழ்ந்தார். அது வெல்லுதற்பொருட்டு அன்று, முடித்தற்பொருட்டு.

முடித்தல் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. முழுநீளப் போட்டியை 17 மணிநேரத்துள் முடித்தல் வேண்டும் என்பது இப்பொழுதுள்ள பொதுவிதி. முதற்போட்டியில் அவ்விதி இல்லை. போட்டியை வகுத்த கொலின்ஸ் தாமே 17 மணிநேரத்தைச் சில செக்கன்களாற் கடந்துதான் வந்து சேர்ந்தார். இன்றைய விதிப்படி அவர் தேறாதவர்! ஹிரோமு இனாடா என்னும் யப்பானிய முதியவர் ஓய்வுபெற்ற செய்தியாளர். எழுபதாம் வயதை ஒட்டியே இப்போட்டிக்கு வந்தவர். 2015இல் ஹவாயிலே அவரும் சில செக்கன்களால் எல்லையைத் தவறவிட்டார். விதி அவருக்காக வளையவில்லை. அவரும் விதியைக் கடிந்துகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. 2018இல், தமது 85ஆம் வயதில், அதே இடத்தில் உரிய காலத்துள் முடித்தார். சகோதரி மடோனா பூடர் 1930இற் பிறந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துக் கோடையில், கனடாவின் பென்டிக்டன் நகரில், 82ஆம் வயதில் முழுநீளப் போட்டியை முடித்தார். அவரைச் சேர்த்தற்கு உரிய வயதுப் பிரிவு இல்லாமையாற் புதுப் பிரிவுகள் வகுக்க வேண்டியதாயிற்று.

ஹவாயிலே நள்ளிரவை அண்மித்த நேரத்திற்றான் எல்லைக்கோட்டருகே ஆரவாரம் மிகும் என்பர். பகலிலேயே ஓடி முடித்து இளைப்பாறிய வெற்றி வீரர் மீண்டும் வந்து நின்று, கடைசியில் வருவாரைக் கைதட்டி வரவேற்பர். அவர் கழுத்திற் பதக்கம் அணிவிப்பதும் உண்டு. முதல்வர் கடையரை எதிர்கொண்டு நிற்கும் இக்காட்சி எத்தனை போட்டிகளில் உண்டு?

திருக்குறளிலே ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். அதனையடுத்த 63ஆம் அதிகாரம் இடுக்கணழியாமை. முயற்சியைச் சொன்னவுடன் வெற்றியைச் சொல்லுதலன்றோ உலகியல்? வள்ளுவர் இடுக்கணை வைத்தார். முயல்வாரை முதலில் எதிர்கொள்வது இடுக்கணே என்பதும், அதற்கு அழியாமையே முயற்சிக்கு முடிவு என்பதும் அவ்வைப்பு முறையாற் பெறப்படும். முப்போட்டியின் கடைசி மணிநேரம் அவ்வைப்பு முறைக்கு நல்ல உரை.

இப்போட்டியைக் குறைகூறுவார் கூற்றிலும் உண்மை உண்டு. அது பொருட்செலவு மிக்கது. சிலருடைய சைக்கிளின் விலை நமது கிராமத்திலே ஒரு வீட்டைத் திருத்தப் போதும். இரும்பு மனிதன் என்னும் பெயர் இப்பொழுது வணிக நிறுவனமொன்றின் உடைமை. முடித்தவர் சிலர் அந்நிறுவனத்தின் குறியைக் காலிலே பச்சை குத்திக்கொண்டு திரிவர். ஆபத்தும் உண்டு, இப்போட்டிகளில் நேர்ந்த மரணங்களுட் பெரும்பாலானவை நீச்சற் பகுதியில் நேர்ந்தவை. ஆகவே மருத்துவரைக் கேளாது எவரும் இறங்கலாகாது. இவையெல்லாம் மெய்யே. ஆயின் நான் பாராட்டுவது சைக்கிளின் விலையையோ பச்சைக்குறியையோ அன்று, அளவுகோலை. எல்லை முன்னரே நடப்பட்டது. அது யாவர்க்கும் ஒன்று. அதனுட் புகுந்தார் யாவரும் முடித்தவர். ஒருவர் புகுதலால் இன்னொருவர் வெளியேறுவதில்லை.

நமது கல்வியுலகின் அளவுகோல் வேறு. புலமைப்பரிசிற் பரீட்சையிலும் பல்கலைக்கழக அனுமதியிலும் வெட்டுப்புள்ளி என்பது முன்னே நட்ட எல்லைக்கல் அன்று. எல்லாரும் ஓடிய பின்னர், ஓடியவர்களைப் பார்த்து நடுவது. இசட் புள்ளி என்பதே ஒருவரைப் பிறரோடு ஒப்பிட்டு அளப்பது. இடம் சிலவாய், வேண்டுவோர் பலராய் இருக்கும்பொழுது வரிசைப்படுத்தல் தவிர்க்க முடியாதது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் வரிசைப்படுத்தத் தேவையில்லாத இடமெல்லாம் அதே கோலைக் கொண்டுபோய் நடுகின்றோமே, அதுதான் என் வழக்கு. இல்ல மெய்வல்லுநர் போட்டியிலே மரதன் ஓடும் பிள்ளைகளைப் பாருங்கள். முதல் மூவர் வந்ததும் ஒலிபெருக்கி வேறு செய்திக்குப் போய்விடும். பின்னால் வருபவன் வியர்த்து விறுவிறுத்து வாயிலிற் புகும்பொழுது அவனைப் பார்க்க ஆளில்லை. அடுத்த ஆண்டு அவன் ஓடான். வீதியில் இடம் சிலவா? அது யாவர்க்கும் போதிய அகலமுடையது.

தமிழ்மொழித்தினப் போட்டிகளிலும் இதுவே நிகழ்கின்றது. ஒரு மாணவி ஐம்பது பாடல்களை நெஞ்சிற் கொள்ளுகின்றாள். வலயத்தில் நான்காமிடம் பெறுகின்றாள். நான்காமிடத்துக்கு ஒன்றுமில்லை. அவள் புத்தகத்தை மூடிவிடுகின்றாள். ஐம்பது பாடல் கற்றவள் தோற்றவள் ஆகின்றாள். இதனால் இழப்பு அவளுக்கு மாத்திரமா? தமிழுக்கும் அன்றோ?

நம் முன்னோர் வேறு வழியும் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் 1921இல் எழுந்தது. பிரவேசம், பாலபண்டிதம், பண்டிதம் என்று அதன் பரீட்சையும் மூன்று. பகலிற் பள்ளிக்கூடத்திற் படிப்பித்துவிட்டு, இரவிலே விளக்கடியில் இலக்கண உரைகளோடு போராடிய ஆசிரியர் பலர் அப்பரீட்சைகளுக்குத் தோற்றினர். ஒருமுறை தவறினவர் மறுமுறை எழுதினர். தேறினவர் பண்டிதர். அப்பட்டத்தின் பின்னால் வரிசையெண் ஒட்டுவதில்லை. அவர்களும் ஆர்வலரே, அவர்கள் நீந்தியதும் ஆழமான நீர்தான்.

முப்போட்டி நமது நாட்டுக்கு அறியாததன்று. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் கொண்ட அரைநீளப் போட்டி 2018 பெப்ரவரியிற் கொழும்பில் நடந்தது. தெற்காசியாவில் அவ்வரிசையில் அதுவே முதலாவது. நம் பாடசாலைகள் அதனை நடத்தல் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் அளவுகோலைக் கடன் வாங்கினாற் போதும். மரதன் ஓட்டத்துக்கு முன்கூட்டியே ஒரு கால எல்லை குறிக்கப்படுக. அதனுள் வந்த பிள்ளைகள் யாவர்க்கும், வந்த நேரம் எழுதிய சான்றிதழ் வழங்குக. அவர் ஒவ்வொருவராலும் இல்லத்துக்கு ஒரு புள்ளி சேர்க. மனனப் போட்டியிலும் வாசிப்பிலும் இவ்வாறே ஓர் எல்லை நடுக. முதல் மூவருக்குரிய கிண்ணங்கள் இருந்தபடியே இருக்கட்டும். அவற்றைப் பறிப்பது என் நோக்கமன்று. ஆனால் கடைசிப் பிள்ளை வரும்வரை ஒலிபெருக்கி ஓயாதிருக்க. முதலில் வந்த பிள்ளை வாயிலில் நின்று அப்பிள்ளையை எதிர்கொள்க.

இதற்கு ஆகும் செலவு சில தாள்களும் அரைமணி நேரமுமே. வெட்டுப்புள்ளியால் ஒரு நாடு தனக்கு வேண்டிய வைத்தியரையும் பொறியியலாளரையும் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். நாளை நூலெடுத்து வாசிப்பாரையும், நாற்பதிலும் எழுந்து ஓடுவாரையும் அது தராது. அவர்களைத் தருவது அன்பு. அன்பு, தோற்றவன் என்று சொல்லித் துரத்திய இடத்துக்கு மீண்டும் வருவதில்லை.