ஜூலியட்டுக்கு வயது 13

அடுப்படியில் நின்றபடியே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவரா நீங்கள்? எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஒன்பதாவது படிக்கும் என் பெண்ணுக்கு ஆங்கில வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’. 1597-லேயே அச்சேறிய சோக நாடகம். ‘டிராஜடி என்றால் என்ன?’ என்பதற்கு நோட்ஸை உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அதை மூடி வை. சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயில்ல கண்ணகியைப் பார்த்தியே? ராணி சிலம்புக்குள்ளே முத்து, கண்ணகி சிலம்புக்குள்ளே மாணிக்கம். உடைச்சுப் பார்க்க ஒரு நிமிஷம். கோவலனை வெட்டறதுக்கு முன்னாலேயே பாண்டியன் அதைச் செஞ்சிருந்தா?” என்றேன்.

சட்டென்று பிடித்துக்கொண்டாள். “இங்கேயும் அப்படித்தாம்மா! ஜூலியட் சாகலை, மருந்து குடிச்சுத் தூங்கறாங்கற கடுதாசி ரோமியோவுக்குப் போய்ச் சேரலை. கொண்டுபோனவரை, பிளேக் இருக்குன்னு ஒரு வீட்டுக்குள்ளேயே அடைச்சுட்டாங்க.”

2020-ல் கொரோனாவுக்குத் தெருவை அடைத்தது எங்கள் இருவருக்குமே ஞாபகம் வந்தது.

“இருந்தாலும் பெத்தவகிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்று ஆரம்பித்தேன். (அம்மாக்களுக்கு வேறென்ன தோன்றும்?) அவள் மூன்றாம் அங்கத்தைப் புரட்டினாள்.

ஜூலியட்டுக்குப் பதினாலு முடிய இரண்டு வாரம் பாக்கி. ரோமியோவை ரகசியமாக மணந்துகொண்டவள். வீட்டில் வேறொருவனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்தாயிற்று. ஒரு மாதம், இல்லை ஒரு வாரமாவது தள்ளிப்போடச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சுகிறாள். அந்த அம்மா, தன்னிடம் பேசவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். பாலூட்டி வளர்த்த செவிலியும் அவனையே கட்டிக்கொள்ளச் சொல்கிறாள்.

“கேட்டுப் பார்த்தாம்மா” என்றாள் என் பெண்.

குக்கர் விசிலடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “முதல்லேர்ந்து படி, கேட்கறேன்.”