கூட ஒரு மணி நேரம்

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ தேறியதும் சிதம்பரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள். எல்லா ஊர்களையும் போல இங்கும் சில பிள்ளைகளுக்கு ஒரு தொல்லை உண்டு. வாயால் கேட்டால் பதில் சொல்லுவார்கள். ஆனால் புத்தகத்தைப் பிரித்தால் எழுத்துகள் குழப்பும். பேனாவை எடுத்தால் கை தடுமாறும்.

"படிப்பில் அக்கறை இல்லை" என்று ஊர் சொல்லும். அது தவறு. இது சோம்பல் அல்ல. புத்திக் குறைவும் அல்ல. இதற்குக் கற்றல் குறைபாடு என்று பெயர்.

இது இன்று நேற்று வந்தது அல்ல. 1896-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், வாசிக்க வராத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பாடங்களை எல்லாம் வாயால் நடத்தினால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம்!

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. இப்படிப்பட்ட மாணவர்களுக்குப் பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் தரவேண்டும் என்கிறது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தரவேண்டும் என்று 2018-ம் ஆண்டு விதிமுறை வந்தது. மூன்று மணி நேரப் பரீட்சைக்குக் கூட ஒரு மணி நேரம்!

ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் போன ஒருவருக்கு எழுதும்போது கை ஒத்துழைக்கவில்லை. எழுத ஆள் கேட்டார்; மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. குறைபாடு 40 சதவீதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எழுத ஆள் தர மறுக்கக்கூடாது என்றது.

"மற்ற மாணவர்களுக்கு இது அநியாயம் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். அந்த ஒரு மணி நேரம் விடையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. கேள்வியைப் படித்து முடிக்கத்தான் உதவுகிறது. தெரியாதவன் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் தெரியாதவன்தான்.

என்ன செய்யவேண்டும்?

பெற்றோர்களே! பள்ளிக்கூடத்தில் கிடைத்த வசதி கல்லூரிக்குத் தானாக வந்துவிடாது. கேட்டுத்தான் பெறவேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் கேட்டால் பயன் இல்லை. கல்லூரியில் சேரும்போதே கேட்கவேண்டும்.

முதலில் சர்டிபிகேட் வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதைக் கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பிறகு முதல்வருக்கு மனு எழுதுங்கள். என்னென்ன வசதி வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

கல்லூரி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனுவோடு வருகிறவர் பிச்சை கேட்டு வரவில்லை. சட்டம் கொடுத்ததைக் கேட்டு வருகிறார். அவரை நாலு மேஜைக்கு அலையவிடாதீர்கள்.

"இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று மகனைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்பு, மகளின் படிப்பை நிறுத்துவதற்கு முன்பு, அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பிறகு பாருங்கள், படிப்பு ஏறுகிறதா இல்லையா என்று!