நாற்றுக்கு மூலப்பத்திரம் கேளுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாகூர் ஏரிக்குக் கிழக்கே நிலம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் போன். போனில் ஒரு அத்திப்பழத்தின் படம். நாவல்பழக் கறுப்பில் தோல், பாதியாக அறுத்த உள்பக்கம் ரத்தச் சிவப்பு. வெளிநாட்டு ரகமாம், இங்கே இன்னும் யாரிடமும் இல்லையாம். ஒரு கன்று 600 ரூபாய். பத்தடிக்குப் பத்தடி வைத்தால் ஏக்கருக்கு 400 கன்று. பழத்தை நர்சரிக்காரர்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“சார், நீங்க பேங்க்ல இருந்தவரு. வீட்ல இருக்கிற நகைய வச்சா எவ்ளோ வரும்னு சொல்லுங்க. கன்னுக்கு மட்டும் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் ஆவுது.”

நகை அவர் மனைவியுடையது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

“தம்பி, இந்தப் பழம் காய்ச்ச மரத்த நீ பாத்தியா?”

“படம்தான் சார் அனுப்பினாங்க.”

“அந்த மரம் எந்த ஊர்ல இருக்கு?”

அவருக்குத் தெரியவில்லை. நர்சரிக்காரருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

வங்கியில் 34 வருடம் இருந்தேன். ஒரு காணி நிலத்தை அடமானம் பிடிக்க மூலப்பத்திரம், அதற்கு முந்தைய பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று என்று கேட்டுக் கேட்டு எத்தனையோ உழவர்களை நடக்கவிட்ட பாவம் எனக்கு உண்டு. ஆனால் ஓய்வு பெற்று 2018ல் நானே மூன்று அத்திக் கன்றுகளை வாங்கியபோது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கன்று 450 ரூபாய். பையில் ‘டர்க்கி பிரவுன்’ என்று அட்டை தொங்கியது. அட்டையை நம்பி வாங்கிவிட்டேன்.

இரண்டு கன்றுகள் அடுத்த கோடையில் நுனி காய்ந்து, பிறகு அடியிலிருந்து வாட்டசாட்டமாகத் துளிர்த்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாட்டெரு, வேப்பம் புண்ணாக்கு, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பஞ்சகவ்யம். ஒன்றரை வருடத்தில் ஆள் உயரம். களை எடுக்க வரும் அம்மா ஒரு நாள் அதன் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னா சார் இது, ஆத்தங்கர அத்தி. இதுக்கா இவ்ளோ எரு கொட்றீங்க?”

அவர் சொன்னது சரி. சீமை அத்தியின் இலை விரித்த கை மாதிரி பிளவுபட்டு, தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும். நாட்டு அத்தியின் இலை நீள்வட்டம், பிளவு கிடையாது. எனக்கு விற்றவை நாட்டு அத்தி வேரில் சீமை அத்தியை ஒட்டுக் கட்டிய கன்றுகள். மேலே இருந்த ஒட்டு செத்துப்போனது. கீழே இருந்த வேர்ச்செடி துளிர்த்தது. அதைத்தான் நான் ஒன்றரை வருடம் மகனைப் போல வளர்த்தேன். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை. ஒட்டுக்கன்று என்பதையே சொல்லவில்லையே, அப்புறம் எங்கே இதைச் சொல்வது?

அத்தி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு மரங்களை. நம் ஆற்றங்கரையில் நிற்பது நாட்டு அத்தி. தண்டிலும் பெருங்கிளையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். 2019ல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தபோது ‘அத்தி வேண்டும்’ என்று நர்சரிகளில் கேட்டவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேர் கோயில் அத்தியை மனதில் வைத்துக்கொண்டு சீமை அத்தியை வாங்கிப்போனார்களோ! நாட்டு அத்திப் பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி இருக்கிறதே என்று முகம் சுளிக்கிறோம். அந்தச் சிறு குளவி நுழையாமல் அதன் உள்ளே இருக்கும் பூவில் மகரந்தம் சேராது. நர்சரியில் விற்கும் சீமை அத்தி ரகங்களில் பெரும்பாலானவை குளவி இல்லாமலேயே பழுப்பவை. துருக்கியின் ஸ்மிர்னா வகைக்கு அதற்கென்று உள்ள குளவி வேண்டும். அந்த வகையை ஆசைப்பட்டு இங்கே நட்டால் பிஞ்சு பிடித்துக் கொட்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது கன்று உண்மையான சீமை அத்தி. 2020 ஐப்பசியில் காய்த்தது. மழையும் அதே ஐப்பசியில்தான் பிடித்தது. பழம் வெடித்து, உள்ளே புளித்து, கள்ளுக்கடை வாசனை. ஒன்றுகூட வாயில் வைக்க முடியவில்லை. ரகத்தைத்தான் திட்டினேன். பிறகுதான் விஷயம் புரிந்தது.

அத்திக்கு இந்தியாவில் பேர் போன இடம் புணே பக்கம் புரந்தர் வட்டாரம். அந்த அத்திக்கு 2016ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உழவர்கள் மழைக்காலத்துக் காய்ப்பை ‘கட்டா பஹார்’ என்கிறார்கள், புளிப்புப் பருவம். கோடைக் காய்ப்பு ‘மீட்டா பஹார்’, இனிப்புப் பருவம். அவர்களுக்கு மழை ஆனியில் தொடங்குகிறது. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அவர்கள் கணக்கை நாம் அப்படியே எடுக்க முடியாது, நம் மழையை வைத்து நாமே கணக்குப் போட வேண்டும். அத்தி புதுக்கிளையில் காய்க்கும் மரம். பிஞ்சு விட்டுப் பழுக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்ததும் கவாத்து செய்தால் தையில் துளிர், மாசியில் பிஞ்சு, வைகாசி, ஆனியில் பழம். கத்தரிக்கோல் பிடிக்கும் மாதத்தை மாற்றினேன். திட்டு வாங்கிய அதே மரம் 2022 கோடையில் இனிப்பாகக் கொடுத்தது.

அதற்காக எந்த ரகமும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. நம் கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம். அத்திப்பழத்தின் அடியில் ஒரு துளை இருக்கும், கண் என்பார்கள். அது அகலமாகத் திறந்திருந்தால் மழைநீர், எறும்பு, பழ ஈ எல்லாம் அந்த வழியாக உள்ளே போகும். கண் இறுகிய ரகம் நமக்கு நல்லது. இதை நர்சரி அட்டையில் யாரும் போட மாட்டார்கள், மரத்தில் பழுத்த பழத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப் பார்த்துத்தான் 2021ல் ‘கொனாட்ரியா’ இரண்டு கன்று வாங்கினேன். இந்தப் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. கலிபோர்னியாவில் காண்டிட் என்ற பேராசிரியர் 1950களில் வெளியிட்ட ரகம். பெங்களூரு பக்கம் எசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொனாட்ரியா, டியன்னா, எக்செல் ஆகியவற்றை வளர்த்துப் பார்த்திருக்கிறது. (டியன்னா நம் நர்சரிப் பலகைகளில் டயானா ஆகி, இளவரசி பெயரில் கூடுதல் விலைக்குப் போகிறது.) நான் வாங்கிய இடம் பெரிய நர்சரி இல்லை. வில்லியனூருக்கு மேற்கே செம்மண் பூமியில் ஒரு பெரியவர் சின்னதாக வைத்திருக்கிறார். “மரத்தைப் பார்க்கலாமா?” என்றேன். சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். எட்டு வருட மரம். பழத்தைப் பறித்துக் கையில் கொடுத்தார். கண் சிறியதாக இருந்தது. “வேரிலேயே வந்தது வேணுமா, நாட்டத்தி மேல கட்டினது வேணுமா?” என்று அவராகவே கேட்டார். ஒவ்வொன்றில் ஒன்று வாங்கினேன். 250 ரூபாய்தான்.

கொனாட்ரியா பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், லேசாக மஞ்சள் ஓடும். இதில் லாபம் உண்டு, நஷ்டமும் உண்டு. டர்க்கி பிரவுன் சிவக்கும் முன்பே கிளி, மைனா, அணில் எல்லாம் வரிசையில் நிற்கும். பச்சைப் பழத்தை அவை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மனிதர்களும் கண்டுகொள்வதில்லை! உழவர் சந்தையில் வைத்தால் “இன்னாங்க, காயா விக்கிறீங்க?” என்கிறார்கள். ஒன்றை அறுத்துக் காட்டி, தின்னக் கொடுத்து, அப்புறம்தான் வியாபாரம். பறித்த பின் அத்தி பழுக்காது, பழுத்ததை மறுநாள் தாண்டி வைக்கவும் முடியாது. போன கோடையில் கட்டின மரத்தில் 14 கிலோ வந்தது. அதை விற்று முடிக்கவே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். 400 மரத்துப் பழத்தோடு அந்தத் தம்பி எங்கே போவார்? திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்பவர் கையெழுத்துப் போட்டு விலையை எழுதிக் கொடுப்பாரா? நான் அதிகாரியாக உட்கார்ந்திருந்தால் இந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுத்திருக்க மாட்டேன்.

பெஞ்சல் புயலைச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரியில் கரையேறியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை பெருக்கெடுத்து பாகூர் கொம்யூன் ஊர்களுக்குள் வந்தது. பங்காரு வாய்க்கால் பக்கம் இருக்கும் என் களிமண்ணில் நான்கு நாள் முழங்கால் தண்ணீர். டர்க்கி பிரவுன் இலை கொட்டி, வேர் அழுகிச் செத்தது. சொந்த வேரில் நின்ற கொனாட்ரியாவும் போனது. நாட்டு அத்தி வேரில் கட்டியது மட்டும் பாதி இலையை உதிர்த்துவிட்டு, பொங்கலுக்குத் துளிர்த்தது. என்னை ஏமாற்றிய அந்த இரண்டு நாட்டு அத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுவும் ஆற்றங்கரைப் பிறவிதானே.

ஒரு மரம் பிழைத்ததை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனாலும் எங்கள் பாகூர் மண்ணில் அத்தி வைக்க நினைப்பவர் நாட்டு வேர்க் கன்றைக் கேளுங்கள், ஒன்றரை அடி மேடு போட்டு வையுங்கள் என்று துணிந்து சொல்வேன். வில்லியனூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் நீர் நிற்காது, அங்கே வேறு தொல்லை. வேர் முடிச்சு நூற்புழு. அதற்கும் நாட்டு வேர் தாக்குப்பிடிக்கும் என்றுதான் ஒட்டுக் கட்டுகிறார்கள். கூடவே குழியில் வேப்பம் புண்ணாக்கும், சுற்றிலும் செண்டுமல்லியும் போடலாம். மழைக்காலத்தில் இலையின் அடியில் துரு நோய் செம்புள்ளியாக வரும். கொட்டின இலையைக் கூட்டி அள்ளி வெளியேற்றுவதும், புளித்த மோர் அடிப்பதும் எனக்குப் போதுமாக இருக்கிறது.

நம் இயக்கத் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். சீமைப் பழம் எதற்கு, நாட்டு மரம் போதாதா என்பார்கள். கொய்யாவும் பப்பாளியும் கூடக் கப்பலேறி வந்தவைதான் தோழர்களே. வந்த ஊர் எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு நான்கு மரம் வைப்பதில் தப்பில்லை, நகையை வைத்து நானூறு வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். நம் கோபத்தை நாற்றுப் பையின் மேல் காட்டலாம். விதைப் பையில் முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி எல்லாம் அச்சடித்திருக்கிறது. ஆறு மாதப் பயிருக்கே அவ்வளவு. இருபது வருடம் நிற்கப்போகிற மரத்தின் பையில் ஒரு பெயர் மட்டும் தொங்குகிறது. தாய்மரம் எந்த ஊரில், எத்தனை வயது, குச்சியா ஒட்டா, ஒட்டு என்றால் வேர் எது, கட்டிய மாதம் எது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுத நர்சரிக்காரருக்கு என்ன செலவு? தேசியத் தோட்டக்கலை வாரியம் பழ நாற்றங்கால்களுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் நம் ஊரில் பாதிக் கன்று விற்பது சாலையோரத்திலும் சந்தையிலும் போனிலும். அங்கே நட்சத்திரத்தை எங்கே தேடுவது? நாம் கேட்டால்தான் எழுதுவார்கள். எழுதாதவரிடம் வாங்காமல் வந்துவிடலாம். குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையம் தன் தோட்டத்தில் நான்கைந்து அத்தி ரகங்களைத் தாய்மரமாக வளர்த்து, ஆனி மாதத்தில் உழவர்களை அழைத்துப் பழத்தைத் தின்னக் கொடுத்தால் பெரிய உபகாரம்.

அந்தத் தம்பி நகையை வைக்கவில்லை. என் பேச்சில் அவருக்கு முழுத் திருப்தியும் இல்லை. “பத்து கன்னாவது வாங்கட்டுமா சார்?” என்று கேட்டுக்கொண்டே போனார். மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பெண்தான் பழத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தது.

வருகிற மார்கழிக் கடைசியில் கொனாட்ரியாவைக் கவாத்து செய்வேன். முப்பது, நாற்பது குச்சி கிடைக்கும். களையெடுக்கும் அம்மா பொறுக்கி வந்த நாட்டு அத்திப் பழத்தின் விதையிலிருந்து வேர்ச்செடிகளும் தயாராக வளர்கின்றன. வேண்டுவோர் ஈரச் சாக்கோடு வரலாம், காசு வேண்டாம். குச்சியோடு ஒரு சீட்டும் தருவேன்: தாய்மரம் பாகூர், நட்டது 2021, நாட்டு அத்தி வேரில் ஒட்டு, பெஞ்சலில் நான்கு நாள் தண்ணீரில் நின்றது.